சிவப்பு மருந்து டாக்டர்

பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் ஒரு மருந்து போடுவார்கள். ரத்தத்தைக் காட்டிலும் சிவப்பாக இருக்கும். பஞ்சில் தொட்டுத் தடவினால் பாதிக் கால் சிவந்துபோகும். சட்டையில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பந்து விளையாடி விழுந்த பையனும் சரி, சிதம்பரத்தில் தேர் பார்க்க ஓடிக் கீழ வீதியில் விழுந்த பையனும் சரி, அந்தச் சிவப்பு மருந்துக்குத் தப்பியது கிடையாது.

அதன் பெயர் மெர்க்குரோகுரோம்.

அதை உலகத்துக்குக் கொடுத்தவர் ஓர் அமெரிக்க டாக்டர். ஹியூ ஹாம்ப்டன் யங் என்பது அவர் பெயர்.

சிராய்ப்புக்கு மருந்து கொடுத்ததற்காக மட்டும் அவரை டாக்டர்கள் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆண்களுக்கு வயதான காலத்தில் வருகிற ஒரு புற்றுநோயை அடியோடு வெட்டி எடுக்க வழி வகுத்தவர் அவர்தான். இன்று ரோபோ எந்திரத்தைக் கொண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்களே, அந்த ஆபரேஷன் யங் 1904-ம் ஆண்டில் செய்த ஆபரேஷனின் வாரிசு.

இரவில் ஐந்து தடவை

வயது 66 ஆன ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். கடலூர் பழைய நகரத்தில் வீடு. பகலில் கடை, மாலையில் கோவில் என்று திடமாக நடமாடுகிறவர். கொஞ்ச காலமாக இரவில் ஐந்து தடவை எழுந்திருக்கிறார். போய் நின்றால் சொட்டுச் சொட்டாக வருகிறது. வெளியே சொல்ல வெட்கம். சர்க்கரையாக இருக்கும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொள்கிறார். மருமகள்தான் கவனித்துக் கணவனிடம் சொல்கிறாள். இப்படிப்பட்ட பெரியவர் தெருவுக்கு ஒருவர் உண்டு.

காரணம் பெரும்பாலும் ஒரு சிறு சுரப்பி. புராஸ்டேட் என்று பெயர். ஆண்களுக்கு மட்டுமே உண்டு. நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி மோதிரம்போல உட்கார்ந்திருக்கிறது. வயதாக ஆக அது பருக்கிறது. பருத்தால் குழாயை நெரிக்கிறது. அதனால்தான் சொட்டுச் சொட்டாக வருகிறது.

பருத்ததெல்லாம் புற்றுநோய் அல்ல. பத்துப் பேருக்குப் பருத்தால் பெரும்பாலோருக்கு அது வெறும் வீக்கம்தான். புற்றுநோயோ ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் கொடுக்காது, சத்தமில்லாமல் இருக்கும். அங்கேதான் ஆபத்து.

புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் ஒரே குழப்பம். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனா, ரோபோ ஆபரேஷனா? ரோபோ என்றால் செலவு அதிகம். பிள்ளைகள் நிலத்தை விற்கலாமா என்று பேச ஆரம்பிக்கிறார்கள். எந்திரம் செய்தால் பிழைப்பார், கையால் செய்தால் பிழைக்கமாட்டார் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

இந்தப் பேச்சு சரிதானா என்று தெரிந்துகொள்ள யங்கின் கதையைக் கேட்க வேண்டும்.

தளபதியின் மகன்

அமெரிக்காவின் தென் பகுதியில் டெக்சஸ் மாநிலம். அங்கே சான் அன்டோனியோ என்ற ஊரில் 1870 செப்டம்பர் 18-ந் தேதி யங் பிறந்தார். தந்தை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் பக்கம் நின்று சண்டை போட்ட தளபதி. போரில் தோற்ற பக்கம்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். வர்ஜீனியா சர்வகலாசாலையில் சேர்ந்து பி.ஏ., எம்.ஏ., டாக்டர் பட்டம் மூன்றையும் நான்கே ஆண்டுகளில் வாங்கிவிட்டான். 1894-ல் அவன் டாக்டர் யங். வயது 24 நிறையவில்லை.

சொந்த ஊரில் பலகை மாட்டி உட்கார்ந்திருந்தால் நல்ல வருமானம் வந்திருக்கும். அவருக்கு அது போதவில்லை. பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-ல் திறந்திருந்தார்கள். அமெரிக்காவிலேயே புதுமாதிரியான ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர். யங் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே ரண சிகிச்சைக்குத் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட். பெரிய மேதை. அதிகம் பேசமாட்டார். ஆபரேஷன் செய்கிறவர்கள் ரப்பர் கையுறை போடுகிற வழக்கம் அவரிடமிருந்துதான் பரவியது. அதற்குப் பின்னால் ஒரு காதல் கதை இருக்கிறது. அவருக்கு உதவி செய்த நர்சு கரோலின் ஹாம்ப்டனுக்கு, கை கழுவும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் புண்ணாயிற்று. ஹால்ஸ்டெட் ஒரு ரப்பர் கம்பெனிக்கு எழுதி மெல்லிய கையுறை செய்து வரவழைத்துக் கொடுத்தார். 1890-ல் அவரையே கலியாணமும் செய்துகொண்டார். கையுறை நின்றுவிட்டது, இன்றைக்கும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது.

மோதலில் கிடைத்த வேலை

1897-ல் ஒரு நாள் யங் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவசரமாக ஓடினார். எதிரே வந்த ஒருவர்மேல் மோதிவிட்டார். பார்த்தால் ஹால்ஸ்டெட்! யங் நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார்.

ஹால்ஸ்டெட் கோபிக்கவில்லை. யங்கைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். சிறுநீர் சம்பந்தமான நோய்களுக்கு உள்ள பிரிவை அவர் எடுத்து நடத்த வேண்டும் என்றார்.

யங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வைத்தியம் தமக்கு ஒன்றும் தெரியாதே என்று உள்ளதைச் சொன்னார். தெரியாது என்பது தங்களுக்கும் தெரியும், ஆனால் கற்றுக்கொள்ளக்கூடிய ஆள் என்று நம்புகிறோம் என்று ஹால்ஸ்டெட் பதில் சொன்னார்.

அந்தக் காலத்தில் அது மதிப்பான பிரிவு அல்ல. வெளியே சொல்ல வெட்கப்படும் நோய்கள், முணுமுணுக்கும் கிழவர்கள், துர்நாற்றம். நல்ல டாக்டர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். யங்குக்கு அப்போது வயது 27. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பிரிவில் உட்கார்ந்தவர் நெடுங்காலம் அதை விடவில்லை.

பலாப்பழமும் தோலும்

பருத்த சுரப்பியை ஆபரேஷன் செய்ய அப்போதே வழி இருந்தது. அதைப் புகழ்பெறச் செய்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் பிரையர் என்ற ஐரிஷ்காரர். இவர் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டவர். வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடநாட்டில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ராம்பூர் நவாப்புக்குச் சிறுநீர்ப்பைக் கல்லை உடைத்து எடுத்து ஒரு லட்சம் ரூபாய் வாங்கியவர். அந்தக் காலத்து ஒரு லட்சம்! பிறகு லண்டனுக்குப் போய், 1900-ம் ஆண்டிலிருந்து சிறுநீர்ப்பையைத் திறந்து விரலால் சுரப்பியை வழித்தெடுக்கும் ஆபரேஷனைச் செய்து பெயர் வாங்கினார்.

பிரையர் செய்தது வெறும் வீக்கத்துக்கு. பண்ருட்டிப் பலாப்பழத்தைப் பிளந்து உள்ளே இருப்பதையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு, தோலை அப்படியே விட்டுவிடுவதுபோல. அடைப்பு போய்விடும். பெரியவர் நிம்மதியாகத் தூங்குவார்.

புற்றுநோய்க்கு அது உதவாது. ஏனென்றால் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் தோல் பக்கத்தில்தான், அதுவும் பின்பக்கத்தில்தான் முளைக்கிறது. சுளையை எடுத்துத் தோலை விட்டால் நோயை விட்டுவிட்டதாக அர்த்தம்.

யங் இதைக் கண்டுகொண்டார். சுரப்பியின் பின்பக்கம் மலக்குடலை ஒட்டியிருக்கிறது. ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் பார்த்தால் கைக்கு எட்டும். நல்ல சுரப்பி மெத்தென்று இருக்கும். புற்று பிடித்த இடம் கல்போல இருக்கும். அன்று எக்ஸ்ரே பிறந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை. ரத்தப் பரிசோதனை கிடையாது. யங்குக்கு இருந்த முக்கியமான கருவி அவருடைய ஆள்காட்டி விரல்தான். அதை வைத்துக்கொண்டே நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதினார்.

1904 ஏப்ரல் 7

சுரப்பியைத் தோலோடு, அதன் பின்னால் உள்ள விந்துப் பைகளோடு, ஒட்டியிருக்கும் சிறுநீர்ப்பைக் கழுத்தோடு முழுசாக எடுத்துவிடுவது என்று யங் தீர்மானித்தார். எடுத்த பிறகு சிறுநீர்ப்பையையும் குழாயையும் இழுத்து ஒன்றோடு ஒன்று தைக்க வேண்டும். கேட்கும்போதே பயமாக இருக்கிறது. பென்சிலின் இல்லாத காலம். இன்றைக்குப்போல ரத்த வங்கி இல்லாத காலம்.

வயிற்றைத் திறந்து போனால் அந்தச் சுரப்பி ஆழமான குழியில் எலும்புக்குப் பின்னால் கிடக்கிறது. சுற்றிலும் ரத்தக் குழாய்கள். யங் வேறு வழியாகப் போனார். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை உயர்த்திக் கட்டி, ஆசனவாய்க்குச் சற்று முன்னால் கீறினார். டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் ஆபரேஷன் அது. அந்த வழியில் ரத்த நஷ்டம் குறைவு.

1904 ஏப்ரல் 7-ந் தேதி முதல் நோயாளிக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. உதவியாளராகப் பக்கத்தில் நின்றவர் யார் தெரியுமா? ஹால்ஸ்டெட்! ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒன்றும் தெரியாது என்று சொன்ன வாலிபனுக்குக் குருவே கருவி எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு யங் நான்கு நோயாளிகளுக்குச் செய்த இந்த ஆபரேஷனைப் பற்றி ஆஸ்பத்திரிப் பத்திரிகையில் எழுதினார். உலகம் உடனே மாறிவிடவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றி, எலும்பு வரை பரவிய பிறகே வந்தார்கள். அவர்களுக்கு இந்த ஆபரேஷன் பயன்படாது. பிழைத்தவர்களும் ஒரு விலை கொடுத்தார்கள். பலருக்குச் சிறுநீர் கட்டுப்படாமல் ஒழுகிற்று. தாம்பத்திய சக்தி போயிற்று. அந்த விலையைக் குறைக்க வழி கண்டுபிடிக்க இன்னும் 78 ஆண்டுகள் ஆயின.

வைரப் பிரியர் வந்தார்

யங்குக்குப் பணத்தைக் கொண்டுவந்தது புற்றுநோய் அல்ல, வெறும் வீக்கம்.

நியூயார்க்கில் ஜேம்ஸ் பிராடி என்று ஒரு கோடீசுவரர். ரயில்வே சாமான்கள் விற்றுப் பணம் சேர்த்தவர். சட்டைப் பித்தான், டை ஊசி, மோதிரம், கைத்தடிப் பிடி எல்லாம் வைரம். வைர ஜிம் என்றே ஊர் கூப்பிட்டது. சாப்பாடோ பீமன் சாப்பாடு. ஆள் மலைபோல இருப்பார். சர்க்கரை நோய் வேறு.

அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. அந்த உடம்பில் கத்தி வைக்க டாக்டர்கள் பயந்தார்கள். 1912-ல் அவர் பால்டிமோருக்கு வந்து யங்கைப் பார்த்தார்.

யங் கத்தியை எடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு அவரே செய்த ஒரு கருவி இருந்தது. சிறுநீர் வரும் வழியாகவே உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய். அடைத்துக்கொண்டிருக்கும் சதையை உள்ளேயே கத்தரித்து எடுத்துவிடும். வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. பிராடி பிழைத்தார். பல ஆண்டுத் தொல்லை தீர்ந்தது.

வைர ஜிம் நன்றி மறக்கவில்லை. 2,20,000 டாலர் கொடுத்தார். அதைக் கொண்டு 1915-ல் பிராடி சிறுநீரக நிலையம் எழுந்தது. சிறுநீர் சம்பந்தமான நோய்களுக்கென்றே தனிக் கட்டிடம், தனிப் படுக்கைகள், தனி ஆராய்ச்சிக் கூடம். முன்பு யாரும் எட்டிப் பார்க்காத பிரிவு இது. இப்போது வெளியூர் டாக்டர்கள் கற்றுக்கொள்ள வரிசையில் நின்றார்கள். யங் ஒரு சித்திரக்காரரையும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார். ஆபரேஷன் நடக்கும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டத்தையும் வரைவது அவர் வேலை. அந்தப் படங்களைப் பார்த்து ஒரு தலைமுறை டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பைத் திறந்து முழுசாக வெட்டி எடுத்தவரும் யங்தான். ஒரு கீறலும் இல்லாமல் கருவியை உள்ளே அனுப்பி வேலையை முடித்தவரும் யங்தான். எந்த நோயாளிக்கு எது என்று அவர் பார்த்தாரே தவிர, இது உசத்தி அது மட்டம் என்று பார்க்கவில்லை.

போர்க்களமும் வெள்ளை மாளிகையும்

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தது. தளபதி பெர்ஷிங்கின் படையோடு யங் பிரான்சுக்குப் போனார். வீட்டை விட்டு வந்த சிப்பாய்களுக்கு வரும் மறைவான நோய்களைத் தடுப்பது அவர் பொறுப்பு. குண்டு பட்டுப் படுத்தவனும் சரி, இந்த நோயால் படுத்தவனும் சரி, படைக்கு நஷ்டம் ஒன்றுதான் என்று தளபதிக்கு எடுத்துச் சொல்லி ஏற்றுக்கொள்ள வைத்தார். அதே 1917-ல் சிறுநீரக வைத்தியத்துக்கென்றே ஒரு பத்திரிகையையும் தொடங்கினார். அந்தப் பத்திரிகை நூறாண்டு தாண்டி இன்னும் வருகிறது.

1919-ல் சிவப்பு மருந்து வந்தது. அது சிராய்ப்புக்காகச் செய்ததே அல்ல! சிறுநீர்ப் பாதையில் உள்ள கிருமிகளைக் கொல்ல யங்கும் அவருடன் இருந்த ரசாயன ஆராய்ச்சியாளர்களும் செய்தது. அந்த வேலைக்கு அது நிலைக்கவில்லை. முழங்காலில் நிலைத்துவிட்டது. அதில் பாதரசம் இருப்பதால் 1998-ல் அமெரிக்க அரசாங்கம் அதைப் பாதுகாப்பானது என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

அதே 1919-ல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம் வந்து படுத்தார். அக்டோபரில் அவருக்குச் சிறுநீரும் அடைத்துக்கொண்டது. வெள்ளை மாளிகைக்கு ஓடி வந்த டாக்டர்களில் யங்கும் ஒருவர். ஆபரேஷன் செய்தால் அந்த உடம்பு தாங்குமா? செய்யாவிட்டால் சிறுநீர் விஷம் ஏறிவிடுமே? எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். முடிவில் கத்தி வைக்காமல் பொறுத்திருந்தார்கள். அடைப்பு தானாக விலகியது. ஜனாதிபதி அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தார்.

யங் வைத்தியம் ஒன்றே கதி என்று இருந்தவர் அல்ல. 1901-ல் பெஸ்ஸி கோல்ஸ்டனை மணந்தார், நான்கு குழந்தைகள். சங்கீத நாடகம் என்றால் உயிர். விமானத்தில் ஆசை, அந்த மாநிலத்தில் விமானப் போக்குவரத்து வளர முன்னின்று உழைத்தார். 1940-ல் சுயசரிதை எழுதினார். 1945 ஆகஸ்டு 23-ந் தேதி, இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த அதே மாதத்தில், 74 வயதில் காலமானார்.

விலை குறைந்த கதை

அவர் கண்ணை மூடிய சமயத்தில்தான் லண்டனில் டெரன்ஸ் மில்லின் என்ற டாக்டர் தொப்புளுக்குக் கீழே வயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பையைத் தொடாமல் நேரே சுரப்பிக்குப் போகும் வழியைச் சொன்னார். திறந்த ஆபரேஷன் என்று இன்று சொல்வது அந்த வழியில் வளர்ந்ததுதான். ஆனால் ரத்தம் ஆறாக ஓடிற்று. சிறுநீர் ஒழுகலும் தாம்பத்திய சக்தி இழப்பும் தீரவில்லை. இப்படிப் பிழைப்பதைவிடச் சும்மா இருந்துவிடலாம் என்று பல ஆண்கள் நினைத்தார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது.

யங் கட்டிய அதே பிராடி நிலையத்துக்கு 1974-ல் பாட்ரிக் வால்ஷ் தலைவராக வந்தார். 1981-ல் அவர் ஹாலந்து தேசத்துக்குப் போனபோது டோங்கர் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரைச் சந்தித்தார். இறந்து பிறந்த ஒரு சிசுவின் உடலில் நரம்புகள் போகும் பாதையை டோங்கர் பிரித்துக் காட்டினார். தாம்பத்திய சக்திக்கு உரிய நரம்பு சுரப்பிக்குள்ளே போகவில்லை, வெளியே பக்கவாட்டில்தான் போகிறது என்று இருவரும் கண்டார்கள். அப்படியானால் அதை வெட்டாமல் ஒதுக்கிவிட்டுச் சுரப்பியை எடுக்கலாமே! 1982 ஏப்ரலில் வால்ஷ் அப்படியே செய்தார். யங்கின் முதல் ஆபரேஷனுக்கு 78 ஆண்டு கழித்து.

கோரிமேட்டிலிருந்து ஒருவர்

அடுத்த கட்டம் கடலூர்க்காரர்களுக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்குகிறது.

கடலூரிலிருந்து பாண்டிச்சேரி பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி. கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஜனங்கள் சோற்று மூட்டையோடு வந்து காத்திருக்கும் இடம். 1960-களில் அந்த மருத்துவக் கல்லூரியில் மணி மேனன் என்ற கேரளத்து மாணவர் படித்தார். பிறகு அமெரிக்கா போனார். எங்கே பயிற்சி பெற்றார்? யங்கின் பிராடி நிலையத்தில்!

2000-ம் ஆண்டில் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் ரோபோவைக் கொண்டு இந்தச் சுரப்பியை எடுத்துப் பார்த்தார்கள். அதை ஒழுங்கான முறையாக வளர்த்து, உலகம் முழுவதும் பரவச் செய்தவர்களில் முதல்வர் மணி மேனன். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் அவர் நடத்திய நிலையத்துக்குப் பணம் கொடுத்தவர், நம் நாட்டிலிருந்து போன ராஜ் வட்டிகுட்டி என்ற தொழிலதிபர். யங்குக்கு ஒரு வைர ஜிம் கிடைத்ததுபோல.

ரோபோ என்றவுடன் எந்திர மனிதன் கத்தி எடுத்து வெட்டுவதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெட்டுகிறவர் டாக்டர்தான். அவர் சற்றுத் தள்ளி ஒரு மேசைக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். நோயாளியின் வயிற்றில் ஐந்தாறு சிறு துளைகள். அவற்றின் வழியாக எந்திரத்தின் கைகள் உள்ளே போகும். டாக்டரின் விரல் அசைந்தால் எந்திரக் கை அசையும். விரல் நின்றால் நிற்கும். உள்ளே இருப்பது பல மடங்கு பெரிதாகத் தெரியும். வயிற்றில் வாயுவை நிரப்புவதால் அதன் அழுத்தத்தில் சிறு ரத்தக் குழாய்கள் அமுங்கிவிடும். ரத்தம் குறைவாகப் போகும். ஆனால் யங்குக்கு இருந்த ஒன்று இந்த டாக்டருக்கு இல்லை. விரலில் தொட்டு, இது கல்லா மெத்தையா என்று பார்க்க முடியாது. கண்ணால் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

எது மேல்?

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 326 ஆண்களைக் குலுக்கல் முறையில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் திறந்த ஆபரேஷன், மறு பாதிக்கு ரோபோ. முதல் முடிவு 2016-ல் வந்தது. ரோபோவில் ரத்த நஷ்டம் சராசரியாக அரை லிட்டருக்கும் குறைவு; திறந்ததில் ஒன்றேகால் லிட்டருக்கு மேல். ரோபோ நோயாளிகள் ஆஸ்பத்திரியில் இருந்தது சராசரி ஒன்றரை நாள். மற்றவர்கள் மூன்று நாளுக்கு மேல். ஆரம்ப நாட்களில் வலியும் ரோபோவில் குறைவு.

சிறுநீர் கட்டுப்பாடு? தாம்பத்திய சக்தி? மூன்று மாதத்தில் பார்த்தார்கள், இரண்டு ஆண்டு கழித்தும் பார்த்தார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ரத்தப் பரிசோதனையில் நோய் திரும்பியதாகத் தெரிந்தவர்கள் ரோபோ பக்கத்தில் குறைவாக இருந்தார்கள். ஆனால் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்று ஆராய்ச்சி செய்தவர்களே எச்சரித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிந்திய சிகிச்சை இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்பது காரணம்.

எந்திரத்தைவிடப் பெரிய வித்தியாசம் வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. 2007-ல் அமெரிக்காவில் திறந்த ஆபரேஷன் செய்துகொண்ட 7,700-க்கு மேற்பட்டவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அதுவரை 10 ஆபரேஷன் மட்டுமே செய்திருந்த டாக்டரிடம் போனவர்களில், ஐந்து ஆண்டுக்குள் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு நோய் திரும்பியது. 250 செய்த டாக்டரிடம் போனவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத்தான். கத்தி ஒன்றுதான். கை வேறு.

அதனால் ஆஸ்பத்திரியில் போய் ரோபோ இருக்கிறதா என்று முதலில் கேட்பதைவிட, ஐயா இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரை மரியாதையாகக் கேட்பது புத்திசாலித்தனம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்த இந்தப் புற்றுநோய்க்கு எல்லாருக்கும் ஆபரேஷனே தேவை இல்லை. இங்கிலாந்தில் 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர் வைத்தியம், ஒரு பிரிவை வெறுமனே கவனித்து வருவது என்று வைத்தார்கள். 15 ஆண்டுக் கணக்கு 2023-ல் வெளிவந்தது. இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் சேர்த்து 45 பேர்தான். பிரிவுக்குப் பிரிவு பெரிய வித்தியாசம் இல்லை. கவனித்து வந்த பிரிவில் நோய் பரவியது அதிகம். வில்சனுக்குக் கத்தி வைக்காமல் பொறுத்திருந்தது நினைவுக்கு வருகிறது.

பணம் இல்லாதவனுக்கு ரோபோ இல்லை என்ற நிலையும் மாறி வருகிறது. சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு ஆஸ்பத்திரியில் 2022 மார்ச்சில் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ ஆபரேஷன் பிரிவைத் திறந்தார்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-ல் தனியார் பொறுப்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் இப்போது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது.

கடலூர்ப் பெரியவரிடம் திரும்புவோம். மகன் ஒரு வழியாக அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறான். சிறுநீர் பார்க்கிறார்கள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு டாக்டர் திரையை இழுத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, பெரியவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார். பெரியவருக்கு ஒரே கூச்சம். மகனை வெளியே போகச் சொல்கிறார். அரை நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. கையுறை ஹால்ஸ்டெட் கொடுத்தது. விரல் பரிசோதனை யங் வலியுறுத்தியது. மெத்தென்று இருக்கிறது, வெறும் வீக்கம்போலத்தான் தெரிகிறது, ரத்தப் பரிசோதனை வந்ததும் பார்ப்போம் என்று டாக்டர் சொல்கிறார். பெரியவர் வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தபடி வெளியே வருகிறார்.